பாட்டியே பதில் சொல்லட்டும்

(வட்டாரக் குடும்ப நலக் கூட்டத்தில் கணவன் மனைவியரிடையே ஆற்றிய உரை)



குடும்ப நலக் கூட்டம் என்றால் கர்ப்பிணி, தடுப்பூசி, பிள்ளைக்குப் பிள்ளை இடைவெளி, இதைத்தான் இவர் பேசுவார் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அதெல்லாம் போன மாதம் பேசினோம், அடுத்த மாதமும் பேசுவோம். இன்றைக்கு உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாரே, அந்தப் பெரியவரைப் பற்றிப் பேசப் போகிறேன். அவரும் குடும்பத்தில் சேர்ந்தவர்தானே! 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூறு பேருக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேலாக 60 வயது கடந்தவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு இந்தக் கணக்கு கூடிக்கொண்டேதான் வருகிறது.

ஒருநாள் உங்கள் வீட்டு வாசலில் இரண்டு பேர் வந்து நிற்பார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு பை, ஒரு சின்னக் கம்ப்யூட்டர். "வீட்டுல வயசானவங்க இருக்காங்களா? முதுமையைப் பத்தி ஒரு ஆய்வு நடத்துறோம்" என்பார்கள். இந்த இடத்தில் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? மகன் முன்னால் வந்து, "அதெல்லாம் வேண்டாம் சார், அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று அனுப்பிவிடுகிறார். இல்லையென்றால் மருமகள், "அத்தை, வந்து கைநாட்டு வைங்க, ஏதோ பணம் வருதாம்" என்று கையைப் பிடித்து இழுத்து வருகிறார். இரண்டும் தப்பு. வந்தவர்கள் கேட்டது பெரியவரை. பதில் சொன்னது யார்? நீங்கள்.

முதலில் அந்த ஆட்கள் யார் என்று பார்ப்போம். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டத்தில் வீடு தேடி வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார்களே, அது வைத்தியம். ஆய்வுக்காரர் வைத்தியம் பார்க்க வருவதில்லை. தெரிந்துகொள்ள வருகிறார். அவருக்குப் பதில் சொன்னால் நாளைக்கே முழங்கால் வலி தீராது. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பிறகு "சார், நீங்க சொன்னீங்க, ஒண்ணும் கிடைக்கலியே" என்று என் சட்டையைப் பிடிக்கக்கூடாது பாருங்கள்.

நம் நாட்டில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். லாசி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். முதியோரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு. மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக மும்பையில் உள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்தியது. முதல் சுற்று 2017-18-ல் நடந்தது, அறிக்கை 2021 ஜனவரியில் வந்தது. 45 வயது ஆனவர்களையும், அவர்களுடைய கணவன் அல்லது மனைவியை எந்த வயதானாலும் சேர்த்தே கேட்டார்கள். 72,000 பேருக்கு மேல் பதில் சொன்னார்கள். அதில் 60 வயதைத் தாண்டியவர்கள் மட்டும் 31,000 பேருக்கு மேல். ஆகவே, "இது கிழவன் கிழவி சமாச்சாரம்" என்று இங்கே பின்வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கும் தம்பதிகளே, 45 ஆனால் உங்களையும் இப்படிக் கேட்பார்கள்.

என்ன கேட்டார்கள்? என்ன வருமானம், யாரோடு இருக்கிறீர்கள், என்ன நோய், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள் என்று கேட்டார்கள். உயரம், எடை, இடுப்பளவு, பிரஷர் பார்த்தார்கள். ஒரு கைப்பிடிக் கருவியை அழுத்திப் பிடிக்கச் சொல்லிக் கைப்பலம் அளந்தார்கள். நாலு மீட்டர் தூரம் நடக்கச் சொல்லி எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்தார்கள். பத்து வார்த்தைகளைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார்கள், சிறிது நேரம் கழித்து மறுபடியும் கேட்டார்கள். சம்மதித்தவர்களிடம் விரல் நுனியில் ஒரு குத்து. சர்க்கரைக்குப் பார்ப்போமே, அதே மாதிரி. சில சொட்டு ரத்தத்தைத் தடித்த வடிதாளில் ஒற்றி உலர்த்தி எடுத்துப் போனார்கள். "ரத்தத்தை எடுத்து விக்கிறாங்க" என்று ஒரு பேச்சு எப்போதும் ஊரில் ஓடும். வடிதாளில் உலர்ந்து ஒட்டிப்போன ரத்தத்தை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் அம்மா?

கைப்பலமும் நடையும் எதற்கு என்று கேட்பீர்கள். தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியாமல் போவதும், வாசலில் இருந்து தெருமுனை போவதற்குள் நின்று நின்று போவதும் ஒரே நாளில் வருவதில்லை. அவை மெள்ள மெள்ள வரும்போதே எண்ணாகப் பிடித்து வைக்க இவைதான் வழி.

"சார், எங்கம்மா பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவங்க. அவங்களைக் கேட்டு என்ன தெரிஞ்சுக்கப் போறாங்க?" இந்தக் கேள்வி எனக்கு ஊர் ஊராக வருகிறது. இதற்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்கிறேன், ஏனென்றால் அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

மறதி நோயைச் சோதிக்க 1975-ல் அமெரிக்காவில் ஒரு கேள்வித் தாள் தயாரித்தார்கள். உலகம் முழுக்க அதுவே புழங்கியது. இன்றைக்கு என்ன தேதி, எத்தனையாவது மாடியில் இருக்கிறோம், நூறில் ஏழைக் கழித்துக்கொண்டே வாருங்கள், ஒரு வாக்கியம் எழுதிக் காட்டுங்கள் என்றெல்லாம் அதில் உண்டு. நம் அப்பத்தாவிடம் போய் மாடி எத்தனை, வாக்கியம் எழுது என்றால்? அமாவாசையும் சந்தை நாளும் தவறாமல் சொல்லும் கிழவிக்கு இங்கிலீஷ் தேதி எதற்கு? அந்தத் தாளை வைத்து அளந்தால் நல்ல மூளை உள்ளவரையும் மறதி நோயாளி என்று எழுதிவிடுவார்கள். 1990-களில் ஹரியானாவில் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் 55 வயதுக்கு மேற்பட்ட 5,126 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் நாலில் மூன்று பேருக்குக் கிட்டத்தட்ட எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களுக்கென்று கேள்விகளை மாற்றினார்கள். இது காலையா, மதியமா, மாலையா? உங்கள் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள். இருபதில் மூன்று போனால் எவ்வளவு? அந்தக் கிராமத்துப் பெரியவர்கள் பொறுமையாக உட்கார்ந்து பதில் சொன்னதால்தான் நம்மவர்களை அளக்க ஒரு சரியான படி கிடைத்தது. அப்புறம் லாசியில் பங்குகொண்டவர்களில் 60 வயதுக்கு மேற்பட்ட 4,096 பேரை மறதி நோய்க்கென்றே விரிவாகச் சோதித்தார்கள். 2023-ல் வந்த கணக்குப்படி நாட்டில் 60 தாண்டிய நூறு பேரில் ஏழு பேருக்கு மேல் அந்த நோய் இருக்கிறது. மொத்தம் 88 லட்சம் பேர். இப்படி ஒரு கணக்கு இருந்தால்தான் எத்தனை டாக்டர், எத்தனை நர்ஸ் வேண்டும் என்று கேட்க முடியும்.

நம் தெற்குச் சீமையிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1990-களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையார் தென் மாவட்டங்களின் கிராமங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 5,150 பேரின் கண்களைச் சோதித்தார்கள். கண் நீர் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா, சத்தமில்லாமல் பார்வையைத் தின்னும் நோய். அந்த ஆய்வில் அதன் முக்கிய வகை இருப்பதாகக் கண்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல், தங்களுக்கு அது இருப்பதே தெரியாமல் இருந்தார்கள். கண் வலித்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டும் எண்ணியிருந்தால் இது வெளியே வந்திருக்குமா?

இதிலேயே இன்னொரு விஷயம் அடங்கியிருக்கிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். ஆனால் மேலாக இருக்கிற சோற்றை மட்டும் எடுத்துப் பார்த்தால் அடியில் பிடித்தது தெரியாது. ஆய்வுக்காரர்கள் குலுக்கல் மாதிரிதான் வீடுகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். "பக்கத்து வீட்டுத் தாத்தா நல்லா பேசுவாரு, அவரைக் கேளுங்க" என்று நீங்கள் ஆளை மாற்றிக் கொடுக்க முடியாது. நடமாடுகிறவர்கள் மட்டும் வந்தால், நாட்டில் எல்லாக் கிழவர்களும் சௌக்கியம் என்று கணக்கு வந்துவிடும். ஆகவே கட்டிலோடு கிடக்கும் மாமனாரை, "அவரால முடியாது" என்று உள்ளறையில் மறைக்காதீர்கள். முடியுமா முடியாதா என்று வந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

மருந்து ஆய்வு என்று வேறொரு ரகம் உண்டு. அது வெறும் கேள்வி பதில் இல்லை, மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும். 80 வயது தாண்டியவருக்குப் பிரஷர் இருந்தால் மாத்திரை கொடுக்கலாமா, அதனாலேயே தலைசுற்றி விழுந்து ஏதாவது ஆகிவிடுமோ என்று டாக்டர்களுக்கே வெகுகாலம் சந்தேகம் இருந்தது. சிறு வயதினரிடம் சோதித்த மருந்துகளைத்தானே வைத்திருந்தார்கள்! ஐரோப்பா, சீனா, துனிசியா முதலிய இடங்களில் 80 வயதும் அதற்கு மேலும் ஆன 3,845 பேர் மனமுவந்து முன்வந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரை. 2008-ல் முடிவு வந்தது. மருந்து சாப்பிட்டவர்களிடம் சாவு குறைந்திருந்தது, இதயம் பலவீனப்படுவது வெகுவாகக் குறைந்திருந்தது. இன்று 82 வயதுத் தாத்தாவுக்கு டாக்டர் தைரியமாகப் பிரஷர் மாத்திரை எழுதுகிறார் என்றால் அதில் யாரோ முகம் தெரியாத 3,845 பெரியவர்களின் பங்கு இருக்கிறது.

ஆனால் மருந்து ஆய்வில் சேர்வதைக் கேள்வித் தாளுக்குப் பதில் சொல்வதுபோல் எடுத்துக்கொள்ளக் கூடாது. என்ன மருந்து, இதுவரை யாருக்குக் கொடுத்திருக்கிறார்கள், ஏற்கெனவே சாப்பிடும் சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்வார்களா, வெறும் மாத்திரை கிடைக்கவும் வாய்ப்பு உண்டா, எத்தனை தடவை ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும், பஸ் செலவு யாருடையது? இத்தனையும் கேளுங்கள். 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, ஆய்வில் ஒருவருக்கு உடல் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சை கொடுக்க வேண்டும். ஆய்வினால்தான் தீங்கு என்று தெரிந்தால் நஷ்டஈடும் கொடுக்க வேண்டும். இப்படிப்பட்ட ஆய்வை முன்கூட்டியே அரசின் பதிவேட்டில் பதிய வேண்டும், நெறிமுறைக் குழு ஒன்று பார்த்து அனுமதிக்க வேண்டும். அந்தக் குழுவில் டாக்டர் அல்லாத சாதாரண மனிதர் ஒருவரும் இருப்பார்.

இப்போது பெரியவர்களின் பயத்துக்கு வருகிறேன். நோட்டுப் புத்தகத்தோடு ஆள் வந்தாலே சில வீடுகளில் பாட்டி கொல்லைப்புறம் போய்விடுவார். சிரிக்காதீர்கள். இன்றைக்கு 75 வயதான பாட்டிக்கு 1976-ல் 25 வயது. அந்த 1976-77 ஒரே ஆண்டில் நாடு முழுக்க 80 லட்சம் பேருக்கு மேல் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் நடந்தது. இத்தனை கேஸ் பிடிக்க வேண்டும் என்று ஊழியர்களுக்கு இலக்கு இருந்தது. பல இடங்களில் மனசறிந்த சம்மதம் என்பதே இல்லாமல் போயிற்று. 1996-ல்தான் அந்த இலக்கு முறையை எடுத்தார்கள். என் துறையின் கதை இது, நானே சொல்ல வேண்டும். "கையெழுத்துப் போடு" என்று யாரோ வந்து நின்ற நாளை அந்தக் கண்கள் பார்த்திருக்கின்றன. அதனால் ஒரு பாட்டி "வேண்டாம்" என்றால் அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வராது. வேண்டாம் என்பதும் ஒரு பதில். அதற்காக அவருடைய பென்ஷனோ ரேஷனோ ஆஸ்பத்திரி வைத்தியமோ நிற்காது. சேர்ந்த பிறகு பாதியில் "போதும்பா" என்றாலும் விட்டுவிட வேண்டும்.

இனி என் சொந்தக் கதை. சொல்லலாமா என்று யோசித்தேன். என் மனைவிதான், "சொல்லுங்க, அவங்களாவது தெரிஞ்சுக்கட்டும்" என்றாள்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் ஊரில் முதியோர் ஆய்வு ஒன்று நடந்தது. என் அம்மாவுக்கு அப்போது 72 வயது. நான் லீவில் வீட்டில் இருந்தேன். ஒரு பெண் வந்து எல்லாம் முறையாக விளக்கினாள். அம்மா சம்மதித்தார். நினைவுச் சோதனை வந்தது. பெண் வார்த்தைகளை வாசித்தாள். அம்மா இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். சுகாதாரக் கல்வியாளரின் தாயார் இரண்டு வார்த்தையோடு நிற்பதா? எனக்கு மானக்கேடாக இருந்தது. கதவோரம் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அம்மா திருப்பிச் சொன்னார். தேதி கேட்டபோது நானே சொல்லிவிட்டேன். அந்தப் பெண் இரண்டு தடவை, "சார், அம்மாவே சொல்லட்டும் சார்" என்றாள். சின்னப் பெண், என் உத்தியோகம் தெரியும், அதற்கு மேல் பேசவில்லை. காப்பி குடித்துவிட்டுப் போனாள். அம்மாவின் ஞாபகம் நன்றாக இருக்கிறது என்று தாளில் ஏறிவிட்டது.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் எங்கள் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். "என் சுருக்குப் பையில இருந்த காசை உன் பெண்டாட்டி எடுத்துட்டா" என்று அம்மா என்னிடம் சொல்வார். இன்றைக்குக் காசு, நாளைக்கு வெற்றிலைப் பெட்டி. என் மனைவி அழுவாள். நான் அம்மாவையும் விட முடியாமல், மனைவியையும் நம்ப முடியாமல், ஒருநாள் மனைவியின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பெட்டியில் எதுவும் இல்லை. ஒருநாள் ரேஷன் கடைக்குப் போன அம்மா, இடித்துப் பத்து வருஷமான எங்கள் பழைய வீட்டு மனையில் போய் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் டாக்டரிடம் கூட்டிப் போனோம். மறதி நோய், ஆரம்பித்துச் சில வருஷம் ஆகியிருக்கும் என்றார்.

அந்த ஆய்வுப் பெண் அன்றைக்கே நோயைக் கண்டுபிடித்திருப்பாளா? ஆய்வு வைத்தியம் இல்லை என்று முன்னாலேயே சொன்னேன். நோயைத் தீர்க்க மருந்தும் இன்று வரை கிடையாது. ஆனால் அம்மா இரண்டு வார்த்தையோடு நின்றதை என் கண்ணே பார்த்ததே! எடுத்துக் கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால், அந்த மௌனத்தில் எனக்கே புரிந்திருக்கும். திருடியது யாரும் இல்லை, மறந்தது அம்மா என்று தெரிந்திருக்கும். அந்த டிரங்குப் பெட்டியை நான் திறந்திருக்க மாட்டேன்.

ஆகையால் ஆட்கள் வந்தால் இப்படிச் செய்யுங்கள். அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் நம் நர்சம்மாவிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ விசாரித்துவிட்டு, "நாளைக்கு வாங்க" என்று சொல்லுங்கள். உண்மையான ஆய்வு ஒருநாளில் ஓடிப்போகாது. ஆதார் எண்ணையும் பேங்குக் கணக்கையும் செல்போனில் வரும் ரகசிய எண்ணையும் கேட்பவரிடம் பேச்சை அங்கேயே முடியுங்கள். பணம் கட்டச் சொன்னாலும் அப்படியே.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பெரியவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால், ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாக உடனிருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கைநாட்டு. காது மந்தமென்றால் கத்திச் சொல்லச் சொல்லுங்கள், அவசரப்பட வேண்டாம். மறதி முற்றித் தன் முடிவைத் தானே எடுக்க முடியாதவர் என்றால் நீங்கள்தான் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அப்போதும் அவர் முகத்தைப் பாருங்கள். ஊசியைக் கண்டு கையை இழுத்துக்கொண்டால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி ஆரம்பித்ததும் நீங்கள் இரண்டு பேரும் எழுந்து வெளியே வாருங்கள். வீட்டில் யாராவது திட்டுகிறார்களா, சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்கிறதா என்றுகூடக் கேட்பார்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால் பாட்டி என்ன சொல்வார்? "என் மருமக தங்கம்" என்பார். இங்கே சிரிக்கிற மருமகள்களுக்கு நான் சொல்வது புரிகிறது. உங்களையும் தனியாகக் கேட்பார்கள். மாமியார் முன்போல் கணக்கு வழக்குப் பார்க்கிறாரா, வழி மறக்கிறாரா என்று. மறதி ஆய்வுகளில் கூட இருப்பவரின் வார்த்தைக்கும் இடம் உண்டு. உள்ளதைச் சொல்லுங்கள். அவருக்குக் குறைவு என்று நினைத்து மறைக்காதீர்கள், கோபத்தில் கூட்டியும் சொல்லாதீர்கள்.

பிரஷர் அளந்தால் எவ்வளவு என்று கேட்டுத் தாளில் குறித்து வாங்குங்கள். அதிகமாக இருந்தால் அந்தத் தாளோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். ஒப்புதல் படிவத்தின் பிரதி ஒன்று உங்களுக்குத் தர வேண்டும். அதில் யாரைக் கேட்பது, நெறிமுறைக் குழு எங்கே இருக்கிறது என்று போட்டிருக்கும். அதை அடுப்பு மூட்ட எடுத்துவிடாமல், ரேஷன் கார்டு வைத்திருக்கும் பையிலேயே வையுங்கள். சில வருஷம் கழித்து அதே ஆட்கள் மறுபடியும் வந்து, "பாட்டி, எப்படி இருக்கீங்க?" என்று கேட்கலாம்.